குண்டு சார்லியின் தொப்பை

2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு சமையல்காரரின் தொப்பையைக் குறைப்பது என்று முடிவெடுத்தார்கள். ஆள் நிஜமல்ல, பெயர்ப்பலகைப் படம். தலையில் சமையல்காரத் தொப்பி, உருண்டு திரண்ட உடம்பு, ஏந்திய கையில் தட்டு. 'லிட்டில் செஃப்' என்ற சாலையோர உணவகத்தின் அடையாளம் அவர்தான். ஜனங்கள் செல்லமாக 'ஃபேட் சார்லி' என்பார்கள், அதாவது குண்டு சார்லி. உடற்பருமன் பற்றி நாடே கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பிள்ளைகள் வந்து சாப்பிடும் கடை வாசலில் தொந்தியும் தொப்பையுமாக ஒருவர் நிற்பது நன்றாக இல்லை என்று நிர்வாகத்துக்குப் பட்டது. மெலிந்த சார்லி ஒருவரை வரையச் சொன்னார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் சுமார் 15,000 பேர் ஆட்சேபம் தெரிவித்தார்கள். நிர்வாகம் பின்வாங்கியது. தொப்பை தப்பியது.

கடை தப்பவில்லை. அடுத்த பதினான்கு வருடத்துக்குள் சார்லியின் கடைசிப் பலகையும் இறங்கிவிட்டது. அந்தப் பதினைந்தாயிரம் பேரில் பாதிப் பேராவது அந்த வருடம் லிட்டில் செஃபில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டிருப்பார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பலகை மேல் பாசம் இருந்தது. வண்டியை நிறுத்தும் பழக்கம்தான் போய்விட்டிருந்தது.

1958-க்குப் போவோம். சாம் ஆல்பர் என்பவர் கேரவன் செய்து விற்றுக்கொண்டிருந்தார். காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் நடமாடும் வீடு. அவருடைய 'ஸ்பிரைட்' கேரவன் நடுத்தரக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகிற விலையில் இருந்ததால் அமோகமாக விற்றது. குடும்பங்களை விடுமுறைக்கு ரோட்டில் இறக்கிவிட்டவருக்கு, அந்தக் குடும்பங்கள் வழியில் எங்கே சாப்பிடும் என்ற கேள்வியும் வந்ததில் வியப்பில்லை. அன்றைக்கு வழியில் இருந்தவை இரண்டே வகை. ஒன்று, லாரி ஓட்டுநர்களின் கஃபே. தடித்த கோப்பையில் தேநீர், புகை மண்டலம், எண்ணெய் மினுங்கும் மேசை. மற்றது, கோட்டு போட்டவர்களுக்கான ஓட்டல். மனைவி, இரண்டு பிள்ளைகள், பின்சீட்டில் பாட்டி என்று வருகிறவன் முதலாவதில் நுழையக் கூசினான், இரண்டாவதில் நுழையப் பயந்தான். அமெரிக்காவின் சாலையோர 'டைனர்' கடைகளைப் பார்த்திருந்த ஆல்பர், ரெடிங் நகரின் ஆக்ஸ்போர்டு சாலையில் முதல் லிட்டில் செஃபைத் திறந்தார். இருக்கைகள் மொத்தம் 11. ஒரு பெரிய கேரவனுக்குள் அடங்கிவிடும் கடை.

அதே வருடம் டிசம்பரில்தான் பிரிட்டனின் முதல் மோட்டார்வே, அதாவது அதிவேக நெடுஞ்சாலை, பிரஸ்டன் நகரைச் சுற்றித் திறக்கப்பட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், லிட்டில் செஃபின் உலகம் மோட்டார்வே அல்ல. 'ஏ' என்ற எழுத்தோடு எண் போட்ட பழைய பிரதான சாலைகள்தான் அதன் உலகம். ஏ1, ஏ303, ஏ38. ஊர்களை உரசிக்கொண்டு, ரவுண்டானாக்களில் திணறிக்கொண்டு, டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போகும் சாலைகள். அதில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் எவனுக்கும் இடுப்பு கடுக்கும். தூரத்தில் அந்தச் சிவப்புப் பலகை தெரியும்போது பின்சீட்டில் கூச்சல் கிளம்பும்.

உள்ளே என்ன இருந்தது? விசேஷமாக ஒன்றுமில்லை, அதுதான் விசேஷம். ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரை, பெரிய ஜன்னல், ஜன்னலோரம் மேசைகள். சுத்தமான கழிப்பறை. கைக்குழந்தைக்கு உயர நாற்காலி. பணிப்பெண் வந்து குறித்துக்கொண்டு போவாள். வரும் தட்டு ஸ்காட்லாந்திலும் கார்ன்வாலிலும் ஒன்றே. பிற்காலத்தில் 'ஒலிம்பிக் பிரேக்ஃபாஸ்ட்' என்று பேர் வாங்கிய அந்தத் தட்டில் பேக்கன், சாசேஜ், முட்டை, காளான், தக்காளி, வறுத்த உருளைக்கிழங்கு, தக்காளிச் சாறில் ஊறிய பீன்ஸ், டோஸ்ட் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். சாப்பிட்டு முடித்தால் ஒலிம்பிக்கில் ஓடுவது இருக்கட்டும், காரில் ஏறுவதே சிரமம். பின்னோடு 'ஜூபிலி பான்கேக்', சூடான செர்ரியும் ஐஸ்கிரீமும் மேலே. பிள்ளைகள் தட்டைக் காலி செய்தால் கல்லாவில் இலவசமாக ஒரு லாலிபாப். இன்று ஐம்பது வயதைத் தாண்டிய பிரிட்டிஷ்காரர் யாரிடமாவது லிட்டில் செஃப் என்று சொல்லிப் பாருங்கள். முட்டையைப் பற்றிப் பேசமாட்டார், லாலிபாப்பைப் பற்றித்தான் பேசுவார்.

1970-இல் லிட்டில் செஃப் சங்கிலி, சார்லஸ் ஃபோர்ட்டேயின் சாம்ராஜ்யத்துக்குள் வந்தது. இத்தாலியிலிருந்து சிறுவனாக வந்து, 1935-இல் லண்டனில் ஒரு மில்க் பாரில் தொடங்கி, ஓட்டல் ஓட்டலாக வாங்கி வளர்ந்த மனிதர். 1970-களின் தொடக்கத்திலேயே கிளைகள் நூறைத் தொட்டன. 1985-இல் ஏ38 சாலையில் பார்ட்டன்-அண்டர்-நீட்வுட் என்ற ஊரில் பிரிட்டனின் முதல் 'டிராவலாட்ஜ்' விடுதி வந்தபோது, அதை ஒரு லிட்டில் செஃபுக்குப் பக்கத்தில்தான் கட்டினார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. விடுதியில் சமையலறை வேண்டாம், காலையில் படுக்கையை விட்டு எழுந்தவன் நேராக நடந்து பக்கத்துக் கடைக்குப் போவான். இதைப் பிற்பாடு கவனிக்க வேண்டும்.

போட்டிக்கு ஒரு கடை இருந்தது, 'ஹேப்பி ஈட்டர்'. 1973-இல் தொடங்கியது. அதன் சின்னம் திறந்த வாய்க்குள் கையைக் காட்டும் ஓர் உருவம். சாப்பிடப் போகிறதா, வாந்தி எடுக்கப் போகிறதா என்று கிண்டலடிக்காதவர்கள் கிடையாது. 1991-இல் பிரதமர் ஜான் மேஜர் டான்காஸ்டர் அருகே ஒரு ஹேப்பி ஈட்டரில் இறங்கிச் சாப்பிட்டது பத்திரிகைச் செய்தியானது. சாதாரண மனிதரின் பிரதமர் என்பதற்கு அதுவே சான்றிதழ். 1986-இல் அந்தக் கடையையும் ஃபோர்ட்டே நிறுவனமே வாங்கியது. ஆக ஏ சாலையில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பணம் ஒரே கல்லாவுக்குத்தான் போனது.

இவ்வளவு சௌகரியம் ஒரு கடைக்கு நல்லதில்லை. எதிரி இல்லாதவன் கத்தியைத் தீட்டுவதில்லை.

1995 நவம்பரில் கிரனாடா நிறுவனம் ஃபோர்ட்டே குழுமத்தை வளைத்துப் பிடிக்க விலை கூறியது. சார்லஸின் மகன் ராக்கோ ஃபோர்ட்டே அன்றைக்கு யார்க்ஷயரில் பறவை வேட்டையில் இருந்தார். லண்டன் பத்திரிகைகளுக்கு அல்வா கிடைத்த மாதிரி. 1996 ஜனவரியில் சுமார் 390 கோடி பவுண்டுக்குக் குழுமம் கைமாறியது. கிரனாடா, ஹேப்பி ஈட்டர் கடைகளையெல்லாம் லிட்டில் செஃபாக மாற்றியது. எண்ணிக்கை 439 வரை போனது. காகிதத்தில் அதுதான் உச்சம். வாய்க்குள் கை வைத்த உருவத்தை இறக்கிவிட்டு சார்லியை ஏற்றியதில் புதிதாக ஒரு வாடிக்கையாளர்கூட வரவில்லை, வந்துகொண்டிருந்த இரண்டு கூட்டம் ஒன்றாக எண்ணப்பட்டது, அவ்வளவே.

அதற்குள் சாலையின் இரு பக்கமும் மாறிப்போயிருந்தது. ஊர்களைச் சுற்றிப் புறவழிச்சாலைகள் வந்தன, பழைய சாலையிலிருந்த கிளை திடீரென்று ஆளில்லாக் காட்டில் நின்றது. மெக்டொனால்ட்ஸ் காரை விட்டு இறங்காமலே சாப்பாடு கொடுத்தது. பப்கள் குடும்பங்களுக்குக் கதவைத் திறந்தன. பெட்ரோல் நிலையத்துக்குள்ளேயே சாண்ட்விச்சும் நல்ல காபியும் வந்துவிட்டன. லிட்டில் செஃபில் மாறியது விலை மட்டும். ஏறிக்கொண்டே போயிற்று. தரை விரிப்பு நைந்தது, பணியாளர் குறைந்தார்கள், முட்டை வர இருபது நிமிடம் ஆனது. கிரனாடாவிலிருந்து காம்பஸ் நிறுவனத்துக்கு, 2002-இல் அங்கிருந்து பெர்மீரா என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு, டிராவலாட்ஜோடு சேர்ந்தே சீர்வரிசைப் பாத்திரம் மாதிரி கைமாறிக்கொண்டிருந்தது. அந்த 2002-இல்தான் சாம் ஆல்பர் காலமானார். அவர் எப்போதோ இந்தத் தொழிலைவிட்டு விலகி, கேம்பிரிட்ஜ்ஷயரில் திராட்சை பயிரிட்டு ஒயின் தயாரித்துக்கொண்டிருந்தார். புத்திசாலி.

2005-இல் டிராவலாட்ஜைத் தனியே வைத்துக்கொண்டு லிட்டில் செஃபை மட்டும் விற்றார்கள். பக்கத்து விடுதியிலிருந்து பசியோடு எழுந்து வரும் கூட்டத்துக்கும் கடைக்கும் இருந்த ரத்த பந்தம் அறுந்தது. விலை 5.2 கோடி பவுண்டு, கிளைகள் 230-க்கு மேல். வாங்கியவர்கள் அடுத்துச் செய்ததைத்தான் இந்தக் கதையின் நடுத்தூண் என்று நான் நினைக்கிறேன். அறுபதுக்கும் மேற்பட்ட கிளைகளின் நிலத்தையும் கட்டடத்தையும் விற்றுவிட்டு, அதே இடத்தில் வாடகைக்கு உட்கார்ந்தார்கள். கிடைத்தது சுமார் 6 கோடி பவுண்டு. முழுச் சங்கிலிக்கும் கொடுத்த விலையைவிட, அதில் ஒரு பகுதியின் தரைக்குக் கிடைத்த விலை அதிகம்!

சொந்த வீட்டை விற்று அதிலேயே குடக்கூலிக்கு இருப்பது எப்படி முடியும் என்று கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் மாதம் கையில் காசு புரளும். அப்புறம் மாதாமாதம் முதல் தேதி வரும். பழைய கடைக்கு மழைக்காலத்தில் கூட்டம் குறைந்தால் லாபம் குறையும், அவ்வளவுதான். வாடகைக் கடைக்கு மழைக்காலம் என்று ஒன்று கிடையாது. ஒரே வருடத்தில் மூச்சு முட்டியது. 2007 ஜனவரி தொடக்கத்தில் திவாலின் விளிம்பில் நின்ற நிறுவனத்தை ஆர்கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் ஒரு கோடி பவுண்டுக்கும் குறைவாக வாங்கியது.

இங்கேதான் ஹெஸ்டன் புளூமந்தால் வருகிறார்.

பிரே என்ற கிராமத்தில் 'ஃபேட் டக்' உணவகத்தை நடத்தும் இவர், 2004-இல் மூன்று மிஷலின் நட்சத்திரம் பெற்றவர். நத்தை போட்ட கஞ்சியும், முட்டை-பேக்கன் ஐஸ்கிரீமும் செய்து உலகப் புகழ் பெற்ற ஆள். முட்டையையும் பேக்கனையும் ஐஸ்கிரீமாக்கியவரிடம், முட்டையையும் பேக்கனையும் ஒழுங்காகத் தட்டில் வைக்கத் தெரியாமல் தவித்த கடையை ஒப்படைத்தார்கள். சேனல் 4 தொலைக்காட்சி கேமராவோடு கூடவே நின்றது. 2009 ஜனவரியில் மூன்று பகுதிகளாக நிகழ்ச்சி ஒளிபரப்பானது.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட கிளை, ஹாம்ப்ஷயரில் ஏ303 சாலையிலுள்ள பாப்ஹம். லண்டனிலிருந்து ஸ்டோன்ஹெஞ்சைத் தாண்டி மேற்கே கடற்கரைக்குப் போகிறவர்களின் சாலை. நிகழ்ச்சியைப் பார்த்தால் இரண்டு தரப்பும் வேறு வேறு பாஷை பேசுவது தெரியும். நிறுவனத் தலைவருக்கு வேண்டியது ஆரவாரம், ஹெஸ்டனின் கைவண்ணத்தில் வாய் பிளக்கவைக்கும் ஏதோ ஒன்று. ஹெஸ்டன் விசித்திரப் பதார்த்தங்களோடுதான் ஆரம்பித்தார், ஆனால் சாப்பிட வந்தவர்கள் முகம் சுளித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இவர்களுக்கு வேண்டியது அதே பழைய காலைத் தட்டு. ஆனால் நல்ல முட்டை, நல்ல பேக்கன். அவர் அதற்கே திரும்பினார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். ஒலிம்பிக் பிரேக்ஃபாஸ்ட் அதே பெயரில் நின்றது, உள்ளே இருந்த சரக்குதான் மாறியது. நிதானமாக வேகவைத்த மாட்டுக் கன்ன இறைச்சி பட்டியலில் சேர்ந்தது. சூடாக்கிக் கொடுத்தே பழகிய சமையலறைக் கைகளுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

அலங்காரம் ஏப் ராஜர்ஸிடம் போனது. பாரிஸின் பொம்பிடு மையத்தைக் கட்டியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ராஜர்ஸின் மகன். சிவப்பும் வெள்ளையுமாகப் பளபளக்கும் இருக்கைகள், அண்ணாந்து பார்த்தால் விட்டத்தில் நீல வானமும் வெண்மேகமும். இங்கிலாந்தில் வெளியே காணக் கிடைக்காததை உள்ளே வரைந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பாப்ஹமில் கூட்டம் அலைமோதியது. நல்ல உணவகங்களைப் பட்டியலிடும் 'குட் ஃபுட் கைடு' நூலின் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தக் கிளைக்கு இடம் கிடைத்தது. லிட்டில் செஃப் என்ற பெயர் அந்த நூலில் வரும் என்று சில வருடம் முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். யார்க், கெட்டரிங் என்று இன்னும் சில கிளைகளுக்கும் இந்தப் புது வேடம் போட்டார்கள்.

அப்புறம் ஏன் தேறவில்லை? சாப்பாடு மோசமில்லை, அலங்காரமும் மோசமில்லை. பாப்ஹம் ஒரு தலமாகிவிட்டது, கோளாறு அங்கேதான். டி.வி. பார்த்துவிட்டு அந்தக் கடையைக் காணவென்றே காரை எடுத்தவர்கள் வந்தார்கள். சாலையோரக் கடை அப்படி ஓடுவதில்லை. வேறெங்கோ போகிறவன், பேர் தெரியாத ஊரில், பசியும் அலுப்புமாக ஒதுங்குவதில் அது பிழைக்கிறது. அவன் ஒரு தடவை வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவன் அல்ல, ஒவ்வொரு தடவையும் ஒதுங்குகிறவன். ஒரு கோயிலைக் கும்பாபிஷேகம் செய்து ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டலாம், மற்ற நூற்றைம்பது கோயிலில் விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றால் என்ன செய்வது? ஒவ்வொரு கிளைக்கும் புதுச் சமையலறை, புது மேசை, தேர்ந்த கைகள் என்றால் கோடிகள் வேண்டும். நிலம் கையில் இருந்திருந்தால் அதைக் காட்டிக் கடன் வாங்கியிருக்கலாம். அது முன்பே போய்விட்டது.

2011-இல் மறுபடி ஒரு புதுச் சின்னம், பிரிட்டிஷ் பெருமை பேசும் ஒரு புது வாசகம். அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. 2012 ஜனவரியில் 67 கிளைகளை ஒரே வீச்சில் மூடுவதாக அறிவித்தார்கள். 2013-இல் மிச்சமிருந்த 78 கிளைகளைக் குவைத்தின் கௌட் உணவுக் குழுமம் 1.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஹெஸ்டனின் பட்டியல் மேசையிலிருந்து எடுக்கப்பட்டது. 2017-இல் எழுபது இடங்கள் யூரோ கேரேஜஸ் கைக்குப் போயின.

யூரோ கேரேஜஸ் கதை தனியாக எழுத வேண்டியது. குஜராத்திலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளைகள், பிளாக்பர்ன் நகரத்துச் சகோதரர்கள் மோசின் ஈசா, ஜூபேர் ஈசா. 2001-இல் பரி என்ற ஊரில் ஒரேயொரு பெட்ரோல் நிலையத்தோடு ஆரம்பித்தவர்கள். பெட்ரோலில் லாபம் சொற்பம், பெட்ரோல் போட இறங்குகிறவன் வாங்கும் காபியில்தான் லாபம் என்ற கணக்கு அவர்களுக்கு விரல் நுனியில் இருந்தது. அவர்கள் வாங்கியது சார்லியை அல்ல, சார்லி நின்ற மூலையை. பெயரைப் பயன்படுத்தும் உரிமை 2018 ஜனவரியில் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. ஸ்டார்பக்ஸ், கிரெக்ஸ், கே.எஃப்.சி., சப்வே பலகைகள் ஏறின.

சகோதரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடையை நடத்தத் தெரிந்தவர்கள் கையில் இடம் போய்ச் சேர்ந்தது என்றும் சொல்லலாம். ஆனால் இன்று அந்த மூலைகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கார் வளைந்து ஜன்னலோரம் நிற்கிறது. காகிதக் கோப்பை ஒன்று கை மாறுகிறது. கார் கிளம்பிவிடுகிறது. கோப்பையை வைக்கக் காருக்குள்ளேயே வட்டமாக ஒரு குழி இருக்கிறதே, அதை மோட்டார் கம்பெனிக்காரன் செய்து கொடுத்த அன்றே சாலையோர மேசைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்பேன். பின்சீட்டில் பிள்ளைகள் பர்கரைத் தின்றுகொண்டே திரையில் படம் பார்க்கிறார்கள். இறங்குவது பெட்ரோல் போடவும் சிறுநீர் கழிக்கவும்தான். கல்லாவில் நிற்பவர் நம் ஈழத்துக்காரராக இருக்க நல்ல வாய்ப்புண்டு. அந்நாட்டுப் பெட்ரோல் நிலையங்களில் இரவுப் பணியின் பாரத்தை அவர்கள் ரொம்ப காலமாகத் தூக்கி வருகிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பம்பு எண்ணை மட்டும் கேட்பார். எங்கே போகிறீர்கள், மழை எப்படி என்று விசாரிக்க அங்கே நேரமில்லை, பின்னால் வரிசை.

யாரும் எடுக்காத கிளைகளும் உண்டு. ஏ1 சாலையில் போனால், தாழ்ந்த கூரையும் பெரிய ஜன்னலுமாக ஒரு கட்டடம் வரும்போதே காருக்குள் பெரியவர்கள், 'இது லிட்டில் செஃபாக இருந்தது' என்பார்கள். சிலவற்றில் இந்திய உணவகம். சிலவற்றில் ஜன்னலைக் கறுப்பாக மறைத்துவிட்டு வயதுவந்தோருக்கான சாமான்கள் விற்கிறார்கள். லாலிபாப் வாங்கிய இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தவர் சட்டென்று பேச்சை மாற்ற வேண்டியதுதான்.

நாட்டிங்ஹாம்ஷயரில் அதே ஏ1 மேல் மார்க்கம் மூர் என்ற இடம். 1960-களின் தொடக்கத்தில் சாம் ஸ்கோரர் என்ற கட்டடக்கலைஞர் அங்கே பெட்ரோல் பம்புகளுக்கு நிழலாக ஒரு கான்கிரீட் கூரை அமைத்தார். பறக்க எழும்பும் பறவை இறக்கையை முறுக்கினாற்போல, இரண்டு முனை வானத்தைப் பார்க்க, இரண்டு முனை தரையைத் தொடும் கூரை. பிற்பாடு அதன் அடியில் பெட்டி போல ஒரு லிட்டில் செஃபைச் செருகினார்கள். 2000-களில் சாலை வேலைக்காகக் கூரையை இடிப்பதாகப் பேச்சு வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது, கூரை தப்பித்தது. 2012-இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. அடியில் இருந்த கடைக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை, அது மூடப்பட்டது. இன்று அந்த இறக்கைக்குக் கீழே ஸ்டார்பக்ஸ் இருக்கிறது.